கார்ட் இன்ஜின் மக்கர் பண்ணுகிறது: கழுவுவதா, பிரித்துக் கட்டுவதா, புதிது வாங்குவதா?

போன ஆடி மாதம் நாலு பையன்கள் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஒன்றைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பட்டறை வாசலில் இறக்கினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். "இன்ஜின் போயிருச்சுங்கண்ணா" என்றான் ஒருவன். இன்னொருவன் போனை நீட்டினான். திரையில் ஒரு சீன இன்ஜின். ஆர்டர் போட விரல் தயாராக இருந்தது.

"போயிருச்சுன்னா எது போயிருச்சு?"

"ஸ்டார்ட் பண்ண இருபது தடவ கயிறு இழுக்கணும்ங்க. ஸ்டார்ட் ஆனாலும் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுது. வளைவுல திருப்பினா அணைஞ்சுருது. முன்ன மாதிரி இழுக்கறதும் இல்லீங்க."

இந்த ஒரு பதிலுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருந்தன. மூன்றையும் சேர்த்து "இன்ஜின் போயிருச்சு" என்று ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் புது இன்ஜின் வாங்கும் யோசனை வந்தது. சின்ன கார்ட் வைத்திருக்கும் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். வழிகள் நாலைந்து உண்டு: கார்ப்ரேட்டரைக் கழுவி டேப்பட் (வால்வு இடைவெளி) வைப்பது, கார்ப்ரேட்டரையே மாற்றுவது, இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் போட்டுக் கட்டுவது, சீனக் குளோன் (அசலைப் பார்த்துச் செய்த நகல் இன்ஜின்) வாங்குவது, ஸ்கூட்டர் இன்ஜினுக்குத் தாவுவது. எது மலிவு என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

அவர்களுடையது ஹோண்டா ஜிஎக்ஸ்200. 196 சிசி, 68 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர். தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், பவர் வீடர் ஓட்டுவதற்காகச் செய்த இன்ஜின். கார்ட்டுக்கு இது புதிதல்ல. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டியபோதும் புல்வெட்டும் இயந்திரத்துக்கான வெஸ்ட் பெண்ட் இன்ஜினைத்தான் தூக்கி வைத்தார். பிறந்ததிலிருந்தே இந்த வண்டி இரவல் இன்ஜினில்தான் ஓடுகிறது. சமதளத்தில் நின்று, ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் சுற்ற வேண்டிய இன்ஜினை நாம் சாய்க்கிறோம், குலுக்குகிறோம், நொடிக்கு நொடி ஏற்றி இறக்குகிறோம். கார்ட்டில் அது பண்ணும் மக்கரில் பாதிக்கு இதுதான் காரணம்.

முதல் ஒரு மணி நேரம்

எந்த வழியில் போனாலும் இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். செலவு ஒன்றும் இல்லை.

முதலில் ஆயில். ஜிஎக்ஸ்200 பிடிப்பது 600 மில்லிதான். ஆயில் பில்டர் கிடையாது, பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்ன வால் ஆயிலை அள்ளித் தெளிக்கிறது, அவ்வளவுதான். ஆயில் குறைந்தால் பிளக்கின் நெருப்பை நிறுத்திவிட உள்ளே ஒரு மிதவை சென்சார் உண்டு. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது அந்த மிதவை தாழ்ந்து, "ஆயில் இல்லை" என்று இன்ஜினை அணைக்கிறது. வளைவில் அணைவது அதனால்தான். நிறையப் பேர் உடனே அந்தச் சென்சாரின் மஞ்சள் ஒயரைக் கழற்றி விடுவார்கள். கழற்றலாம். ஆனால் கழற்றிய நாளிலிருந்து அந்தச் சென்சாரின் வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் ஆயில் அளவு. இல்லாவிட்டால் ஒரு நாள் ராட் உடைந்து கிராங்க் கேஸைப் பிளந்து வெளியே எட்டிப் பார்க்கும். இன்னொன்று: கார்ட்டில் இன்ஜினைச் சாய்வான பிளேட்டில் மாட்டியிருந்தால், அப்படியே திறந்து பார்க்கும் அளவு பொய். மட்டமாக நிறுத்திப் பாருங்கள். பையன்களின் வண்டியில் அப்படிப் பார்த்தபோது கால் பங்கு குறைவு.

அடுத்து நெருப்பு. பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் ஒட்ட வைத்து, கயிறை இழுத்தால் நீல நிறத்தில் பளிச்சென்று வர வேண்டும். வராவிட்டால் காயிலைச் சந்தேகிக்கும் முன், இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கார்ட்டில் அந்த ஒயர் சேஸிஸ் குழாயில் உரசி உரசித் தோல் உரிந்து ஷார்ட் ஆவது சாதாரணம். பிளக் முனையையும் கவனியுங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் பில்டர் அடைப்பு, ஈர ஆயிலாக இருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

பிறகு பெட்ரோல். பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் மூச்சு முட்டி நின்றால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் முடிந்தது. இதற்காக கார்ப்ரேட்டரை மூன்று முறை கழற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நான்தான்.

கடைசியாகக் கம்ப்ரஷன். இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த இன்ஜினின் கேம் ஷாஃப்டில், கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடும் டீகம்ப்ரஷர் உண்டு. அதனால் பைக்குக்கு வைப்பதைப் போல கேஜ் வைத்து இழுத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். நல்ல இன்ஜினையும் "கம்ப்ரஷன் இல்லை" என்று தூக்கிப் போட வைத்துவிடும். சரியான வழி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில், பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துக் காது வைத்துக் கேட்பது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து நிப்பிள் பற்றவைத்தால் அடாப்டர் தயார். கிராங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று பிஸ்டனை உதைக்கும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்ப்ரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் மூடித் துளையில் சீறினால் ரிங். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் சீறினால் கேஸ்கெட். கசிவை அளக்கும் லீக் டவுன் கேஜ் இருந்தால் எண்ணாகவே தெரியும். 10 சதவீதத்துக்குள் கசிந்தால் கும்பிட்டு மூடிவிடுவேன், 30ஐத் தாண்டினால் பிரிப்பேன், நடுவில் இருந்தால் முதலில் டேப்பட்.

பையன்களின் இன்ஜினில் சைலன்சர் பக்கம் லேசாகச் சீறியது. ஆயில் துளை அமைதி. அதாவது ரிங் நன்றாக இருக்கிறது. போனைப் பாக்கெட்டில் போடச் சொன்னேன்.

கழுவுவதும் டேப்பட்டும்

சத்தம் ஏறி இறங்கி ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கார்ப்ரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. சோக்கைப் பாதி இழுத்ததும் ஓட்டம் சீரானால் சந்தேகமே வேண்டாம். துளை தலைமுடி கனம்தான் இருக்கும். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் அதுவே புது வியாதி. கார்ப் கிளீனர் அடித்து, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை தெரிய வேண்டும்.

இப்போது இந்த அடைப்பு முன்பைவிட அடிக்கடி வருகிறது. பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஹோண்டாவின் கையேடு இந்த இன்ஜினுக்கு 10 சதவீதம் வரைதான் சொல்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஓடும் கார்ட்டில், கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, ஜெட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் படியும். தினமும் ஓடும் ஸ்கூட்டருக்கு இது பெரிய தொல்லை இல்லை. சும்மா நிற்கும் வண்டிக்குத்தான். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். கிண்ணத்தின் அடி போல்ட்டைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட்டால் இன்னும் நல்லது. இந்த இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்துத் தரும் காசு வேறெந்த வேலையிலும் இல்லை.

டேப்பட் அதற்கடுத்தது. இன்ஜின் ஆறியபின் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. வால்வு இருக்கையில் அமிழ அமிழ இடைவெளி குறையும். சத்தம் போடாமல் குறைவதுதான் ஆபத்து. பைக்கில் டேப்பட் லூஸானால் தட்டும், நமக்குத் தெரியும். இங்கே டைட் ஆவதால் ஒரு சத்தமும் வராது. வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும், ஸ்டார்ட் ஆக மறுக்கும், கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு கருகும். பையன்களின் எக்ஸாஸ்ட்டில் 0.05 மி.மீ. ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. கையேடு 300 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறது. அது பம்பு செட்டுக்கு. கார்ட்டுக்கு 50 மணிக்கு ஒரு முறை என்பது என் கணக்கு. ஆயிலும் அப்படித்தான். கையேட்டில் முதல் 20 மணி, பிறகு 100 மணி. நான் 15 மணிக்கு மேல் விடுவதில்லை. 600 மில்லி என்ன பெரிய செலவு? 10டபிள்யூ-30 போதும், ஸ்கூட்டருக்கு விற்கும் டப்பாவே ஆகும். கார்ட்டின் கிளட்ச் ஆயிலில் நனையாத வெளிக் கிளட்ச் என்பதால் பைக் ஆயில் பற்றிய கவலைகள் இங்கே செல்லாது.

இந்த வழியின் செலவு ஒரு டப்பா கிளீனர், ஒரு கேஸ்கெட், அரை நாள். என் அனுபவத்தில் பட்டறைக்கு வரும் "போயிருச்சு" இன்ஜின்களில் முக்கால்வாசி இத்தோடு திரும்பிப் போகிறது.

கார்ப்ரேட்டரையே மாற்றினால்?

நேரம் இல்லாதவனுக்கு நல்ல வழி. இந்த வகை இன்ஜினுக்குப் பொருந்தும் மாற்று கார்ப்ரேட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பந்தய சாமான் விற்கும் இடத்தில் தேடாதீர்கள், விவசாயக் கருவிக் கடைக்குப் போங்கள். ஸ்பிரேயர், வீடர் உதிரி விற்பவரிடம் "168 இன்ஜின் கார்ப்ரேட்டர்" என்றால் எடுத்துத் தருவார். கோளாறு டேப்பட்டில் இருக்கும்போது கார்ப்ரேட்டர் மாற்றினால் அந்தக் காசு தண்டம், அவ்வளவுதான். பழையதைக் கழுவி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அன்று உதவும்.

பிரித்துக் கட்டுவது

ஆயில் துளையில் காற்று சீறி, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் பிரிக்கத்தான் வேண்டும். இதில் ஜிஎக்ஸ் இன்ஜினுக்கு ஒரு பலம் உண்டு: சிலிண்டரில் வார்ப்பிரும்பு ஸ்லீவ். தேய்ந்தால் போர் பண்ணி, அதாவது கடைந்து பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். மோட்டாரும் பம்பும் செய்யும் ஊரில் 68 மி.மீ. சிலிண்டரைப் போர் பண்ண ஆள் தேட வேண்டியதில்லை. விட்டம் 68.165 மி.மீ.யைத் தாண்டியிருந்தால்தான் போர். அதற்குள் என்றால் ஹோன் பண்ணி (சிலிண்டர் சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து) ரிங் மட்டும் மாற்றினால் போதும்.

பலவீனம் கனெக்டிங் ராடில். அலுமினிய ராட் நேராகக் கிராங்க்கின் மேல் சுற்றுகிறது, நடுவில் ஷெல் பேரிங் கிடையாது. ஆயில் இல்லாமல் ஓடிச் சீஸ் ஆனால் அலுமினியம் உருகிக் கிராங்க்கில் அப்பிக்கொள்ளும். லேசாக அப்பியிருந்தால் எடுத்துவிடலாம். கிராங்க்பின் கோடு விழுந்து முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால், கிராங்க், ராட், பிஸ்டன், கேஸ்கெட் செட், கூலி என்று கூட்டிப் பாருங்கள். குளோன் இன்ஜின் விலையைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் பிரித்துக் கட்டும் பிடிவாதம் பாசத்தால் வருவது, கணக்கால் அல்ல.

பிரிப்பதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு உண்டு, பெட்ரோல் உண்டு, கம்ப்ரஷனும் உண்டு, ஆனாலும் கயிறைப் பிடுங்குகிறது, கார்ப்ரேட்டர் வழியாகத் தும்முகிறது என்றால், ஃப்ளைவீலைக் கிராங்க்கோடு பூட்டும் சின்னச் சாவியைப் பாருங்கள். செயின் சிக்கி இன்ஜின் சட்டென்று நின்றால் அந்தச் சாவி பாதி வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்துவிடும். சாவி சில்லறைக் காசு. இதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றியவர்கள் நிறைய.

வேகம் போதவில்லை என்று மட்டும் வருகிறவர்களுக்கு நான் இன்ஜினைத் தொடுவதே இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றச் சொல்வேன். பிரேக் பிடித்திருக்கும், செயின் கோணலாக இருக்கும், அல்லது கிளட்ச் நழுவிக் கருகிய வாசனை வரும்.

குளோன்

168எஃப், 170எஃப் என்ற பெயர்களில் வரும் சீன இன்ஜின்கள் ஜிஎக்ஸின் அச்சு. அமெரிக்காவில் பிரிடேட்டர் 212 என்ற பெயரில் விற்பதும் இந்தக் குடும்பம்தான், அங்கே கொல்லைப்புறக் கார்ட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். விலை அசலில் பாதிகூட இல்லை. கார்ப்ரேட்டர், காயில், பிளக், கேஸ்கெட் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். வாடகைக்குக் கார்ட் ஓட்டாமல், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்கு இது தாராளமாகப் போதும். வந்ததும் முதல் இரண்டு மணி ஓட்டிவிட்டு ஆயிலை வடித்துப் பாருங்கள், மினுமினுவென்று இரும்புத் துகள் வரும். டேப்பட்டையும் அன்றே சரிபாருங்கள்.

எச்சரிக்கை இரண்டு. கவர்னரைக் கழற்றி வேகம் பார்க்க நினைப்பவர்களுக்கு முதலாவது. கவர்னர் இந்த இன்ஜினை நிமிடத்துக்கு 3600 சுற்றுப் பக்கம் பிடித்து வைக்கிறது. கழற்றினால் ஏறும், ஆனால் அலுமினிய ராடும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலும் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல. ஃப்ளைவீல் சிதறினால் துண்டுகள் போவது ஓட்டுகிறவர் முதுகுப் பக்கம். பில்லட் ராடும் பில்லட் ஃப்ளைவீலும் (முழு உலோகக் கட்டியில் கடைந்தவை) போடாமல் தொடாதீர்கள். அசலுக்கும் இதே விதிதான்.

இரண்டாவது, ஷாஃப்ட். கார்ட் கிளட்ச்சின் துளை பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. குளோன்கள் 19.05இலும் வரும், 20 மி.மீ.யிலும் வரும். பம்புக்கு வரும் ஷாஃப்டில் மரை இருக்கும், ஜெனரேட்டருக்கு வருவது கூம்பு. வேகத்தைப் பாதியாக்கும் கியர் சேர்த்ததும் உண்டு. படத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

ஸ்கூட்டர் இன்ஜின், இரண்டு ஸ்ட்ரோக்

110 சிசி ஸ்கூட்டர் இன்ஜின் செல்ஃப் ஸ்டார்ட்டும் பெல்ட் கியரும் தரும், உதிரி தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் மவுண்ட், ஆக்ஸில், ஒயரிங் எல்லாவற்றையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். புதுக் கார்ட் கட்டுகிறவர் யோசிக்கலாம், பழுதைத் தீர்க்க இது வழியல்ல. ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களோ வேறு உலகம். 50 மணிக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்கும் பழக்கமும் அதற்கான பணப்பையும் இருப்பவர்களுக்கு.

பையன்கள் என்ன செய்தார்கள்

ஸ்லோ ஜெட் கழுவி, டேப்பட் வைத்து, ஆயில் நிரப்பி, கில் சுவிட்ச் ஒயருக்கு உறை போட்டு அன்று சாயங்காலமே கார்ட்டை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. மஞ்சள் ஒயரைக் கழற்றவில்லை. ஆயில் நிரம்ப இருந்ததால் வளைவில் அணைவது நின்றுவிட்டது.

ஆனாலும் போட்டிக்கு ஒரு மாற்று இன்ஜின் வேண்டும் என்பது அவர்கள் ஆசிரியரின் பிடிவாதம். தப்பில்லை. குளோன் ஆர்டர் போடுங்கள், ஷாஃப்ட் அளவு பார்த்துப் போடுங்கள் என்றேன். பத்து நாள் கழித்து அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். கிளட்ச்சைத் தூக்கி வைத்தால் நுழையவில்லை. வெர்னியர் வைத்தால் 20 மி.மீ. லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாமா என்றான் ஒருவன். சாவிக்காடி ஆழம் குறையும், மையம் தவறும், வேண்டாம் என்றேன்.

போட்டியில் பழைய இன்ஜினே ஓடியது. புதியது அவர்களில் ஒருவனுடைய அப்பாவின் தென்னந்தோப்பில் மருந்தடிக்கிறது. அங்கே புல்லிக்கு 20 மி.மீ. துளைதானாம்.